சினை நண்டைப் பற்றி முதலில் யாருக்கு

தாழ்வுபாடு என்ற மீனவக் கிராமத்துக் கரைக்கு விஞ்ஞான மாணவர்களை அனுப்பும் காலம் வந்தால் எனக்கு அந்த ஒரு வருடத்தின் ஞாபகம் வந்துவிடும். இப்போதைய மாணவர்கள் கைத்தொலைபேசியில் காணொளி எடுத்து, மீனவருக்கு ஒன்று, பரீட்சகருக்கு ஒன்று என்று பிரித்து அனுப்புகிறார்கள். திருத்தமாகவே செய்கிறார்கள். நானும் தாராளமாகப் புள்ளி போடுகிறேன். ஆனாலும் அந்த வருட மாணவி ஒருத்தி வெறும் வாளியோடு கரையில் நின்ற காலைதான் மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது.

அவள் இலுப்பைக்கடவைக்காரி. வீட்டார் வயல் செய்பவர்கள். இறுதியாண்டு ஆய்வுக்குச் சினை நண்டை, அதாவது வயிற்றில் முட்டை சுமக்கும் நண்டை, எடுத்திருந்தாள். வலையில் வருபவற்றை விற்பனைக்குப் போகுமுன் அளந்து, எந்த மாதத்தில் சினை கூடுதல் என்று பார்க்க வேண்டும். ஊரார் நண்டைத் தொட விடாவிட்டால் ஆய்வு இல்லை. ஆய்வு இல்லாவிட்டால் அந்த வருடம் பட்டமும் இல்லை.

ஒரே ஆய்வை வெவ்வேறு ஆட்களுக்கு விளங்கும்படி சொல்வதுதான் நான் கற்பித்த பாடம். பயிற்சியாக, அவளே ஊராரிடம் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும். ஊர் முழுவதும் கூடுவது ஞாயிறு பூசைக்கு என்று விசாரித்து அறிந்தாள். பங்குத்தந்தையிடம் கேட்டு, பூசை முடிவில் அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில் பேசினாள். நான் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எளிய சொற்கள், தெளிவான குரல், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒருவரும் அசையவில்லை. அவள் முடித்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பழக்கத்தில் "ஆமென்" என்றார். பின்னால் நாலைந்து பேர் அதையே சொன்னார்கள்.

வெளியே வந்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாரும் ஓமெண்டிட்டினம், மிஸ்."

மறுநாள் காலை படகுகள் வந்தபின், தென்னோலைக் கிடுகுப் பந்தலின் கீழ் பெண்கள் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் போனோம். அவள் கிட்டப் போனதும், மூத்த பெண் ஒருத்தி நண்டுக் கூடையின் மேல் ஈரச் சாக்கை இழுத்துவிட்டாள்.

"நேற்றுச் சம்மதம் சொன்னீங்களே, அக்கா?"

"ஆர் சொன்னது? கோயிலுக்குள்ள நாங்கள் எதிர்த்துக் கதைக்கிறதோ?"

பக்கத்தில் இருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்: "ஃபாதர் பேசினாலும் நாங்கள் ஆமென்தான், பிள்ளை. சண்டையெல்லாம் வீட்டை போய்த்தான்."

பந்தல் முழுவதும் சிரிப்பு. என் மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அப்ப இப்ப பிடியுங்கோ சண்டையை."

மூத்தவள் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். "சரி, கேக்கிறன். நீ அளந்து எழுதி கந்தோருக்குக் குடுத்தால், நண்டு பிடிக்கப்படாதெண்டு தடை வருமோ?"

கந்தோர் என்றது கடற்றொழில் அலுவலகத்தை. இப்படியொரு கேள்வி வரும் என்று எதிர்பார்த்து, வகுப்பில் நயமான விடை ஒன்றைப் பழகியிருந்தோம். அவள் அதைச் சொல்லவில்லை.

"வரலாம், அக்கா. வராதெண்டு சொன்னால் அது பொய்."

வலையில் இருந்த கைகள் நின்றன. ஆய்வு அத்தோடு சரி என்றே எனக்குப் பட்டது.

"வந்தால் எங்கட அடுப்பை நீ எரிப்பியோ?"

"என்னால ஏலாது. ஆனால் எந்த மாசம் சினை கூட எண்டு தெரிஞ்சால், வருசம் முழுக்க மறிக்காதேங்கோ, அந்த மாசம் மட்டும் மறியுங்கோ எண்டு நீங்கள் கேக்கலாம். இப்ப எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, கந்தோருக்கும் தெரியாது."

பெண்கள் மறுபடி வலை உதறத் தொடங்கினார்கள். பிறகு மூத்தவள் சொன்னாள்: "அப்ப ஒண்டு செய். நீ கண்டுபிடிக்கிறதை முதல்ல இந்தப் பந்தலில சொல்லோணும். பிறகுதான் கந்தோர், கம்பஸ் எல்லாம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முடிவுகள் முதலில் பரீட்சகர் முன் வைக்கப்பட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதைப் பல்கலைக்கழகத் துறையில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் நான் "ஓம்" என்றேன்.

மூத்தவள் கூடையைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "பின்னுக்குப் பிடி, பிள்ளை. முன்னுக்குப் பிடிச்சால் விரல் போயிடும்."

துறையும் ஒத்துக்கொண்டது. அந்த நண்டுப் பருவம் முடிந்ததும் அவள் அதே பந்தலில் உட்கார்ந்து, கண்டுபிடித்த எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொரு வசனத்துக்கும் மறித்தார்கள், சிரித்தார்கள், ஓரிடத்தில் தங்களுக்குள்ளேயே சண்டை பிடித்தார்கள். அடுத்த வாரம் பரீட்சகர் முன் நின்றாள். பட்டம் அந்த வருடமே கிடைத்தது.