போர்ட்டும் பெர்த்தும்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குள் பதினோரு அழைப்புகள்; பதினொன்றும் கிள்ளான் செல்வராஜு அண்ணனிடமிருந்து. வீடு வீடாகப் போய் ரூட்டர் சரிசெய்கிறவனுக்கு இது புதிதல்ல. குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும் குடும்பம், இணையம் இரண்டு நிமிடம் நின்றால் ஆளைத் தேட ஆரம்பித்துவிடும். நீங்களும் ரூட்டரின் அந்தச் சிவப்பு விளக்கை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தானே? உங்களுக்குச் சொன்னால் புரியும்.

அப்போது கிள்ளானிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் நானும் ரஹீமும் இந்தத் தொழிலை நடத்திக்கொண்டிருந்தோம். இன்று நான் வேறு வேலையில் இருக்கிறேன். ஆனாலும் எங்கேயாவது மீன் வறுக்கும் வாசனை வந்தால் கை தானாக ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறது.

லோரி

செல்வராஜு அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே மகள் கவிதா, அவர் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டாள். ஒன்றரை வருடம் அம்மாவோடு மட்டும்தான் பேச்சு. பிறகு ஒரு நாள் அப்பா பேருக்கு அவள் அனுப்பிய ஒரு கேம் கன்சோல் வந்து இறங்கியது. அதிலிருந்து ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு அப்பாவும் மகளும் விளையாட்டுத் திரையில் ஆளுக்கொரு லோரி ஓட்டுவார்கள். பெர்த்திலும் கிள்ளானிலும் கடிகாரம் ஒன்றுதான். ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடியே பேசலாம்.

புது ரூட்டர் மாட்டியதிலிருந்து இரண்டு ஞாயிறாக அவள் குரல் வரவில்லை. அப்பா சாக்குச் சொல்கிறார் என்று கவிதா நினைத்துக்கொண்டாள். "அவருக்கு இஷ்டமில்லன்னா விட்டுடலாம்மா" என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டாள். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் மூன்றாவது ஞாயிறு. அதுவரைக்கும் போனில் பேசக் கூடாதா என்று அண்ணனைக் கேட்டேன். "போன்ல பேசினா சண்டை வருது பாஸ். இதுல பேசினா லோரி ஓடுது."

ஸ்ட்ரிக்ட்

கிள்ளானுக்குக் கிளம்புமுன் பக்கத்து அடுக்குமாடியில் ஒரு வேலை இருந்தது. யாழ்ப்பாணத்து வழி வந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. முப்பது வயது மகனால் நண்பர்களோடு சேர்ந்து விளையாட முடியவில்லை. அண்ணனுக்கு வந்த அதே நோய்தான். கன்சோலில் சோதனை ஓட்டினால் வீட்டு இணையம் எந்த நிலையில் இருக்கிறது என்று அது சொல்லும்: ஓப்பன் என்றால் எல்லோரோடும் சேரலாம், ஸ்ட்ரிக்ட் என்றால் ரூட்டரின் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது.

திரையில் 'ஸ்ட்ரிக்ட்' என்று வந்தது. ஆன்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நிதானமாக வாசித்தார். இதை மாற்றத்தான் வந்தேன் என்றேன். மகன் குளித்துக்கொண்டிருந்த அறையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "அது அப்பிடியே இருக்கட்டும் தம்பி. இந்த வீட்டில ஒண்டாவது ஸ்ட்ரிக்ட்டா இருக்கட்டும்."

போர்ட்

"போர்ட்டத் திறக்கணும், அண்ணே" என்றேன் கிள்ளானில். அவருக்குப் போர்ட் என்றால் ஒன்றுதான். "போர்ட்டா? அது ராத்திரி பகல் திறந்துதானே இருக்கு! முப்பது வருசம் அங்கதான் இருந்தேன்" என்றார். ரூட்டருக்குள்ளும் போர்ட் என்று எண் போட்ட வாசல்கள் உண்டு, ஃபயர்வால் அவற்றை மூடி வைத்திருக்கிறது, கவிதா வீட்டில் இருப்பது அடுக்குமாடியின் பொது இணையம், அங்கே எதையும் மாற்ற முடியாது, அதனால் இந்தப் பக்கம்தான் திறக்க வேண்டும் என்று விளக்கினேன். "அப்ப இது கஸ்டம்ஸ் கேட். நேரா சொல்ல வேண்டியதுதானே லா" என்றார்.

வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஒரு எண் கொடுக்கும். கன்சோலுக்குப் பன்னிரண்டு. விளையாட்டுக்கு வேண்டிய வாசல்களைத் திறந்து, வருவதையெல்லாம் பன்னிரண்டுக்கு அனுப்பச் சொன்னேன். திரையில் 'ஓப்பன்' வந்தது. கோப்பியோடு வந்த மல்லிகா அக்கா கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருசம் போர்ட்ல இருந்த மனுசனுக்கு, வீட்டுப் போர்ட்டத் திறக்க வெளியாள் வரவேண்டியிருக்கு!"

இடி

நம் ஊரில் இடி இடித்தால் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலை கிள்ளானில் இடி இடித்தது. மல்லிகா அக்கா வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டார். ஞாயிறு மதியம்தான் திரும்பச் செருகினார்; தான் சீரியல் பார்க்கும் தனி டிவியை முதலில். அணைந்து எழுந்த ரூட்டர் எண்களைப் புதிதாகப் பங்கிட்டது: முதலில் விழித்த டிவிக்குப் பன்னிரண்டு போய்விட்டது, கன்சோலுக்குப் பதினைந்து. கவிதாவுக்காகத் திறந்த வாசல் இப்போது அக்காவின் சீரியலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணைக் கன்சோலுக்கென்றே எழுதி வைக்காமல் வந்தது என் தப்பு. பத்து வருடம் செய்த வேலையில் இதையா மறப்பது?

இரண்டே முக்காலுக்கு அண்ணன் கூப்பிட்டு, மறுபடி 'ஸ்ட்ரிக்ட்' என்று வருவதையும் பிளக் கதையையும் சொன்னார். எண் மாறிவிட்டது என்றேன். "கப்பல் பெர்த்து மாறிடுச்சுன்னு சொல்லுங்க. சாமான் பழைய பெர்த்துல இறங்குது." கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தும் இடத்துக்குத் துறைமுகத்தில் பெர்த் என்றுதான் பெயர். வண்டியை எடுக்குமுன் ரஹீமுக்குச் செய்தி போட்டேன்: 'கிள்ளான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். பெர்த் மாறிடுச்சு.' தமிழில் அந்த ஊருக்கும் இதற்கும் ஒரே எழுத்து. சுங்கச் சாவடி வருமுன்னே ரஹீமின் பதில் வந்துவிட்டது. "அடப்பாவமே, மக இப்ப எங்க, சிட்னியா மெல்பர்னா?"

பெர்த்

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று நாற்பது. அண்ணன் ஏற்கெனவே காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை இஸ்திரி போட்டது. பன்னிரண்டாம் எண்ணைக் கன்சோலுக்கே எழுதி வைத்து, எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டேன். "பெர்த்த புக் பண்ணியாச்சா?" என்று மட்டும் கேட்டார். பண்ணியாச்சு என்றேன். அக்கா தன் சீரியல் டிவியின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டு, சமையலறை வாசலில் நின்றார்.

நான்கு மணிக்குத் திரையில் ஒரு சிவப்பு லோரி வந்து அவருடைய லோரிக்கு முன்னால் நின்றது. காதில் மாட்டியதையும் மீறி எங்களுக்கும் கேட்டது: "அப்பா, கேக்குதா?" அண்ணன் தன் லோரியைக் கிளப்பினார். "கேக்குது. நீ முன்னால போ, நான் பின்னால வரேன்."

இந்தத் தொழிலில் நான் திறந்துவிட்ட வாசல்கள் பலவற்றை அடுத்த இடி மூடிவிட்டது. ஆனால் இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாள் கவிதா கணவரோடு கிள்ளான் வந்து பதினோரு நாள் தங்கினாள், அந்தப் பதினோரு நாளும் கன்சோலின் பிளக்கை யாரும் செருகவில்லை.