பெட்டி எதிர்வீட்டில், சாவி படவேட்டில்

அரசாங்கத்திடம் உதவி கேட்கிறவன் பார்வைக்கும் ஏழையாக இருக்க வேண்டும் என்று நான் நம்பினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சிரித்துவிடுவது மேல். விசாரணைக்கு வருகிற ஆள் பெண் பார்க்க வந்தவர் மாதிரி வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டுவார், மிக்சி இருந்தால் முகம் சுளிப்பார், டிவி இருந்தால் எழுந்து போய்விடுவார் என்று மனசுக்குள் ஒரு படமே ஓட்டி வைத்திருந்தேன்.

நான் ராணுவத்தில் பதினோரு வருஷம் டிரைவராக இருந்தவன். சண்டை எதையும் பார்த்ததில்லை. பனியில் உறைந்துபோன லாரியோடு போட்ட சண்டைதான் என் வீர வரலாறு. அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள் என்று மனு எழுதிக் கொடுத்துவிட்டு விலகி வந்தேன். அம்மா தனியாக இருந்தது உண்மை. எனக்குக் குளிர் தாங்கவில்லை என்பது அதைவிட உண்மை. பதினைந்து வருஷம் முடிக்காததால் பென்ஷன் கிடையாது. வந்த நாளிலிருந்து களம்பூர் ரைஸ் மில்லில் லாரி ஓட்டினேன். ஆரணியில் எங்கள் வீட்டிலேயே என் மனைவி கூலிக்குப் பட்டு நெய்தாள். தறி எங்களுடையது. அதில் ஏறும் பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை.

சர்க்கரை வியாதி எனக்குப் பத்து வருஷப் பழக்கம். போன வருஷம் வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, வேர்க்கடலை அளவில் ஒரு புண் வந்தது. மூன்று மாதமாக ஆறவில்லை. வேலூரில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். காலுக்கு ரத்தம் இறங்கவில்லை, குழாயில் அடைப்பு, ஒரு மாதத்துக்குள் அதைத் திறக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் என்று சொல்லிவிட்டு, வாயால் சொல்லாமல் என் முழங்காலுக்குக் கீழே பேனாவால் காற்றில் ஒரு கோடு இழுத்தார்.

"அப்படின்னா இனிமே பேன்ட் தைக்கப் பாதிக் கூலி குடுத்தாப் போதும் சார்" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. பயம் வந்தால் எனக்கு வாய் இப்படித்தான் தானாக ஓடும். வெளியே வந்து லிப்டுக்குக் காத்திருந்தபோது என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் அந்தக் காலில்தான் இருக்கின்றன. எங்கள் வீட்டுச் சோற்றில் பாதியும் அந்தக் காலில்தான் இருந்தது.

காப்பீட்டு அட்டை கொஞ்சம் தாங்கும் என்றார்கள். மிச்சத்தை நாங்கள்தான் கட்ட வேண்டும். எங்களிடம் மிச்சம் என்று எதுவும் இல்லை. பென்ஷன் இல்லாத முன்னாள் ராணுவத்தானுக்கு மருத்துவச் செலவுக்கு உதவித்தொகை உண்டு என்று மில்லில் ஒருவர் சொன்னார். திருவண்ணாமலைக்குப் போய் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுத்தேன். சான்றிதழ்கள், டாக்டர் சீட்டு, டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஜெராக்ஸ் எல்லாம் வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் நல அமைப்பாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், திங்கட்கிழமை கமிட்டி கூடும், அதை விட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் என்று அங்கே சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்து என்றால் பேனாக் கோடு என்று அர்த்தம்.

வியாழக்கிழமை சாயங்காலம் எனக்குள் பீதி ஏறிக்கொண்டது. முதலில் மிக்சியைத் தூக்கினேன். பிறகு டிவி. பிறகு ஸ்டாண்டு ஃபேன். எல்லாம் எதிர்வீட்டுக்குப் போயின. எதிர்வீட்டு அண்ணனும் எங்களைப் போலக் கூலிக்கு நெய்கிறவர், நல்ல மனுஷர். என்னைப் பார்த்து, "இன்னாப்பா, வூடு காலி பண்றியா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியாகக் கண்ணில் பட்டது என் ராணுவ டிரங்குப் பெட்டி. பொங்கலுக்குப் பொங்கல் கறுப்புப் பெயின்ட் அடித்து, வெள்ளையில் என் நம்பரை எழுதி வைத்திருப்பேன். மினுமினு என்று இருக்கும். இந்த வீட்டில் இப்படி ஒரு பெட்டியைப் பார்த்தால் உள்ளே தங்கம் இருப்பதாக நினைத்துவிடுவார்களே என்று தோன்றியது. அதுவும் எதிர்வீட்டுக்குப் போனது.

தூக்க முடியாமல் நின்றது, தரையில் குழி வெட்டிப் பதித்த தறி ஒன்றுதான். அதில் ஒரு முகூர்த்தப் புடவை முக்கால்வாசி ஏறியிருந்தது. அரக்கு நிறம், கையகலத்துக்கு ஜரிகைக் கரை. விளக்கைப் போட்டால் அறையே மஞ்சளாகும்.

"அத்த எங்க தூக்கினு போவப் போற? குழிய நோண்டி எடுத்துனு போவியா?" என்றாள் என் மனைவி.

மில்லிலிருந்து கொண்டுவந்த அரிசிச் சாக்குகளை எடுத்துத் தறியை மூடினேன். தறி ஓடவில்லை, முதலாளி வேலை கொடுக்கவில்லை என்று சொல்லும்படி அவளுக்குப் பாடம் நடத்தினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அமைப்பாளர் மொபெட்டில் வந்தார். அவரும் பழைய ராணுவத்தார், சுபேதாராக ஓய்வு பெற்றவர். மீசை முழுக்க நரை, முதுகு மட்டும் நேர். எனக்குத் தானாகவே கை சல்யூட்டுக்கு எழுந்தது, வாய் ராணுவ வழக்கப்படி 'சாப்' என்றது.

"உட்காருப்பா, இந்தக் கால வெச்சினு நிக்காத" என்றார். கட்டைப் பிரிக்கச் சொல்லிப் புண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுச் சாக்குகளுக்கு வந்தார்.

"அது இன்னா?"

"அரிசி மூட்டை சாப்."

"மூட்டைக்குக் கீழ தறியோட மிதிக்கட்டை எட்டிப் பாக்குது."

அவரே எழுந்து ஒரு சாக்கின் ஓரத்தைத் தூக்கினார். ஜரிகை பளிச்சென்றது.

"ஏம்பா, எங்க வூட்லயும் ரெண்டு தறி ஓடுது. ஆரணியில பொறந்துட்டு என்கிட்டயே தறிய மறைக்கிறியா? இது முதலாளி பட்டுன்னு எனக்குத் தெரியாதா? நெய்யற கூலி எவ்ளோன்னு உன் வருமானச் சான்றிதழ்லயே கீதே."

"நான் வேணான்னுதான் சொன்னேங்க" என்றாள் என் மனைவி. அந்த நேரத்தில் அவள் கட்சி மாறியது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"சாக்க எடும்மா, பட்டுல தூசி ஏறப் போவுது" என்றார் அவளிடம். என் பக்கம் திரும்பி, "சரி, டிஸ்சார்ஜ் புக்க எடு. அசலப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும். அவ்ளோதான் வேல" என்றார்.

புத்தகம் பெட்டியில் இருந்தது. பெட்டி எதிர்வீட்டில் இருந்தது. வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது.

பக்கத்து வீட்டு அம்மாள் வாசல் தெளித்தபடியே சொன்னாள். "ஆடி வெள்ளி இல்ல? பொங்க வெக்க அஞ்சு மணிக்கே படவேடு அம்மன் கோயிலுக்குப் போய்ட்டாங்க."

வருஷா வருஷம் அவர்கள் போவது எனக்குத் தெரியும், நேற்றைய பீதியில் மறந்துபோயிருந்தது. போன வருஷம் நானும் கூடப் போயிருந்தேன். போன் போட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கோயில் கூட்டத்தில் போன் எடுக்காது.

"ஜெராக்ஸ வெச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"அசலப் பாக்காம, நீ சிப்பாயா சித்தாளான்னு நான் எப்படிப்பா எழுதிக் குடுப்பேன்? நாலு மணி பஸ்ஸுக்கு நான் திருவண்ணாமலை போவணும். அஞ்சரைக்குள்ள ஃபைல வாங்கிக்குவாங்க. இங்க இன்னும் மூணு வூடு பாக்கணும். நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல இருப்பேன். கொண்டாந்து காட்டு."

பூட்டை உடைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் அது முடியாது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் முதலாளியின் பட்டு இருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் ஒரு வீட்டுப் பூட்டில் கை வைத்தவனுக்கு அதன் பிறகு எந்த முதலாளியும் நெய்யப் பாவு நூல் கொடுக்க மாட்டான். அவன் மனைவிக்கும் கொடுக்க மாட்டான். உள்ளே இருப்பது என் பெட்டிதான் என்று நான் தெரு முழுக்கக் கத்தினாலும் அது மாறாது.

"நான் போறேன், நீ உட்காரு" என்றாள் மனைவி. அவள் போயிருக்க வேண்டும். அவள் செருப்பை மாட்டுவதற்குள் நான் தெருமுனையில் இருந்தேன். பீதி பிடித்தவனுக்கு உட்காரத் தெரியாது. கெட்டிக்காரத்தனமாக யோசித்ததாகவும் ஞாபகம்: அவளுக்கு அந்தக் கூட்டத்தில் அண்ணனைக் கண்டுபிடிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று.

சந்தவாசல் வரை நின்றுகொண்டே ஒரு பஸ். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பின்னால் தொங்கிக்கொண்டு. கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடந்தேன். வழியெல்லாம் செங்கல் அடுப்பு, புகை, வேப்பிலை, மொட்டையடித்த தலைகள். ஒவ்வொரு அடுப்பாகக் குனிந்து முகம் பார்த்தேன். ஒரு பொம்பளை, "பொங்க இன்னும் ஆவலங்க, கொஞ்சம் இருங்க" என்றாள். என் முகத்தில் அவ்வளவு பசி தெரிந்திருக்கிறது.

எங்கேயோ நெரிசலில் வலது செருப்பு கழன்றுவிட்டது. தேடிக் குனிந்தால் மிதித்துவிடுவார்கள். அப்படியே நடந்தேன். ஆடி மாதத்து மத்தியானம், தார் ரோடு. கால் வலிக்கவே இல்லை. அம்மன் புண்ணியத்தில் வலி இல்லை என்று மனசுக்குள் கும்பிட்டுக்கூடக் கொண்டேன். வலி தெரியாததுதான் அந்த வியாதி என்று டாக்டர் சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஒன்றரை மணிக்கு ஒரு புளியமரத்தடியில் அண்ணன் குடும்பத்தைக் கண்டுபிடித்தேன். இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாப்பா நீ, காலைலயே சொல்லியிருந்தா கூடவே இட்டுனு வந்திருப்போமே. உட்காரு, சாப்புடு."

"சாவி குடு அண்ணே."

"சாப்டுட்டு..."

"அண்ணே, சாவி."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் கையைக்கூடக் கழுவாமல் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். அவர் மனைவிதான் கீழே பார்த்தாள். "அய்யய்யோ, கட்டெல்லாம் ரத்தம்" என்றாள். நான் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன் என்று தெரியும்.

திரும்புகிற பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். மணி கேட்பதற்கு வெட்கப்பட்டு, பக்கத்தில் இருந்தவரின் கைக்கடிகாரத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் அவர், "மணி மூணேகாலுங்க. இனிமே நானே சொல்றேன்" என்றார். ஆற்றுப் பாலத்தில் ஒரு டிராக்டர் மறித்துக்கொண்டு நின்றது. மூன்று முப்பத்தைந்து. என் வாழ்க்கையில் ஒரு டிராக்டரிடம் அப்படிக் கெஞ்சியதில்லை. வாய்விட்டே கெஞ்சினேன் என்று பக்கத்துக்காரர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தெருமுனையில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த பச்சைக் கம்பளியை வெளியே வீசி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஆட்டோவை நிறுத்தி, என்னை உள்ளே தள்ளி, தானும் ஏறினாள். வழியில் அவள் ஒரே ஒரு வார்த்தை பேசினாள்.

"செருப்பு எங்க?"

அமைப்பாளர் திருவண்ணாமலை பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தபடி கண்டக்டரோடு வாதாடிக்கொண்டிருந்தார். எங்களுக்காகத்தான் நிறுத்தி வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. புத்தகத்தை வாங்கி, பக்கம் புரட்டி, போட்டோவையும் என் முகத்தையும் பார்த்து, முழங்காலில் ஃபைலை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"இந்தக் காலோட நீயா போன?"

"டூட்டி சாப்" என்றேன். அந்த நிலைமையிலும் வாய் ஓடியது.

"மடையா" என்றார். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. ஜல்தி." பஸ் கிளம்பிவிட்டது.

திங்கட்கிழமை கமிட்டி எங்கள் மனுவை ஏற்றுக்கொண்டது. பத்து நாளில் பணம் வங்கிக்கு வந்தது. வேலூரில் அடைப்பைத் திறந்தார்கள். கால் தப்பியது. படவேட்டில் புண் எலும்பு வரை போய்விட்டதால் கட்டைவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். லாரி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அதே மில்லில் கேட் வாட்ச்மேனாக இருக்கிறேன்.