நல்லம்மா மாமியின் இரண்டாவது சாவு

பதினோரு ஆண்டுகளில் அம்பிகை ஆகஸ்ட் அல்லாத ஒரு மாதத்தில் முதல் தடவையாக லீவு கேட்டாள். அது 2007 மே.

இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் ஒரு விதவை சிஞ்ஞோராவின், அதாவது எசமானியம்மாவின், வீட்டில் சமைத்து, துடைத்து, இஸ்திரி போடுவது அவள் வேலை. கணவர் இராஜதுரைக்கு அதே நகரின் கடற்கரையில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் உணவகமொன்றின் சமையலறை. கலியாணமாகி முப்பது ஆண்டென்று மகள் ஜெனனி இருவருக்கும் கப்பல் பயணம் பதிவு செய்துவிட்டாள். எட்டு நாள், பலெர்மோவில் ஏறி, பலெர்மோவிலேயே இறங்குவது. மேயில்தான் டிக்கெட் மலிவு.

சிஞ்ஞோரா வீட்டில் லீவென்றால் ஆகஸ்ட்தான். உல்லாசப் பயணம் போகிறேன் என்று கேட்க அம்பிகைக்கு வாய் வரவில்லை. வேலை போய்விட்டால், ஐம்பத்தெட்டு வயதில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

“செத்தவீடு எண்டு சொல்லும்,” என்றார் இராஜதுரை.

“ஆரைச் சாகடிக்கிறது?”

“நல்லம்மா மாமியை. மனிசி செத்துப் பதினாறு வருசம். புதுசா ஒரு பாவமும் வராது.”

சாவுத் தீட்டுள்ள துடக்குக்காரர் பிறர் வீட்டுப் படியேறக் கூடாது என்று அம்பிகை சிஞ்ஞோராவுக்கு விளக்கினாள். முறையான துடக்கு முப்பத்தொரு நாள். கப்பல் எட்டு நாள். ஆகவே துடக்கை எட்டாகக் குறைத்தாள். சிஞ்ஞோரா கண்கலங்கி, தன் கறுப்புக் கம்பளிச் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டார்.

இருபது வருடம் மீனோடு வாழ்ந்த இராஜதுரை, கப்பல் அசைந்ததும் வாளியும் கையுமாகப் படுத்துவிட்டார். அம்பிகைக்கு ஒன்றும் செய்யவில்லை. அவள் படுக்கையை வேறு யாரோ விரித்து வைத்தார்கள். அதைக் கலைத்துப் பார்த்தாள். மறுபடி விரித்து வைத்தார்கள்.

மூன்றாம் நாள் இராஜதுரை எழுந்தார். மேல்தளத்தில் குளிர்காற்று. அம்பிகை சால்வையை இழுத்துப் போர்த்தினாள்.

“அம்பி?”

யாரென்று நினைக்கும் முன்பே அவள் கால்கள் அந்தக் குரலின் பக்கம் திரும்பிவிட்டன.

“நீ இல்லாமல் எட்டு நாள் அந்த வீட்டில் நான் என்ன செய்வது? அதுதான் டிக்கெட் எடுத்தேன்,” என்றார் சிஞ்ஞோரா. பிறகு சால்வையைப் பார்த்தார். “சரி, நீ எப்படி இங்கே?”

இராஜதுரை இத்தாலியனில் முந்திக்கொண்டார். “சாம்பல், சிஞ்ஞோரா. மாமியின் சாம்பலைக் கடலில் கரைக்க வந்தோம். எங்கள் வழக்கம்.”

“என்ன கதைக்கிறியள்? சாம்பலுக்கு எங்கை போறது?” அம்பிகை தமிழில் பல்லைக் கடித்தாள்.

“சும்மா இரும். பாப்பம்.”

பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை. காரியத்தை சிஞ்ஞோரா தன் கையில் எடுத்துக்கொண்டார். மாலைக்குள் சாப்பாட்டு மண்டபம் முழுவதும் செய்தி தெரிந்தது. முன்பின் தெரியாதவர்கள் வந்து கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார்கள். ஜெனனி ஏற்பாடு செய்திருந்த முப்பதாம் ஆண்டுக் கேக்கைப் பரிசாரகர் தலைகுனிந்து திருப்பிக் கொண்டுபோனார். “என்ரை கேக்,” என்றாள் அம்பிகை மெதுவாக. நிஜமாகவே கண்ணீர் வந்தது. பக்கத்து மேசைக்காரி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் ஐந்து மணிக்குக் கப்பலின் பின்தளம். சிஞ்ஞோரா வெள்ளைப் பூக்களோடும் நான்கு பெண்களோடும் வந்து நின்றார். இராஜதுரை கைக்குட்டை முடிச்சொன்றுடன் வந்தார். பெட்டியில் இருந்த திருநீறு முழுவதும் அதற்குள் இருந்தது.

“நமசிவாய,” என்று கையை நீட்டி உதறினார். காற்று திரும்பியது. நல்லம்மா மாமி கடலுக்குப் போகவில்லை. நேரே சிஞ்ஞோராவின் முகத்துக்கு வந்தார்.

சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றினார். கன்னத்தை விரலால் துடைத்து, முகர்ந்து பார்த்தார்.

“அம்பி, உன் மாமி உன் நெற்றியைப் போலவே மணக்கிறாரே.”

இராஜதுரை அடுத்த பொய்க்கு வாயெடுத்தார். அம்பிகை அவர் காலை மிதித்தாள். சால்வையைக் கழற்றி, நான்காக மடித்து நீட்டினாள்.

“மாமி செத்துப் பதினாறு வருடம், சிஞ்ஞோரா. எங்களுக்குக் கலியாணமாகி முப்பது வருடம். லீவு கேட்கப் பயமாக இருந்தது.”

சிஞ்ஞோரா சால்வையை வாங்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு நுனியில் இன்னும் திருநீறு இருந்தது.

“அந்தக் கேக் எங்கே?” என்றார்.

கேக் வந்தது. பெரிய துண்டை சிஞ்ஞோராவே எடுத்துக்கொண்டார். மிச்ச நான்கு நாளும் சீட்டாட அம்பிகையைத்தான் கூப்பிட்டார். அம்பிகைக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அடுத்த மேயில் அம்பிகை ஒருவரையும் சாகடிக்காமல் லீவு கேட்டாள். பத்து நாள் கிடைத்தது.