கு. என்ற கலைஞர்

இது படித்தவர்கள் எழுத வேண்டிய விஷயம். நான் பள்ளிக்கூடத்தில் சாதாரணதரம் வரை படித்தவள். சங்கீதம் முறையாகக் கற்றதில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். ஆனாலும் இந்தக் கதையில் இருந்த மற்ற மூன்று பேரும் இதை எழுதப் போவதில்லை. அதனால் குறை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன கிழமை என் தங்கையின் மகள் வந்திருந்தாள். என்னிடம் மிஞ்சிக் கிடந்த ஒரு பழைய நாதஸ்வரக் கசெற்றை எங்கேயோ கொடுத்துத் தன் போனுக்குள் ஏற்றிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினாள். நாதஸ்வரம் எழும்பியது, பிறகு தவில் இரண்டும் சேர்ந்துகொண்டன. திரையில் பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இலக்கம் இருந்தது. அதற்குக் கீழே ‘கலைஞர்: தெரியாது’ என்று போட்டிருந்தது.

“தெரியாதாம், பெரியம்மா,” என்று சிரித்தாள்.

எனக்குத் தெரியும். அப்படியான பெயர்களை ஒரு காலத்தில் என் கையால் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்பு எழுதாமல் விட்டவளும் நான்தான்.

ஜெட்டிக்குப் போகும் தெருவில் சலீம் நானாவின் ரெக்கோடிங் பார் இருந்தது. பார் என்றதும் குடிக்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். விருப்பமான பாட்டுகளை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கசெற்றில் பதிந்து தரும் கடைக்கு அப்போது அதுதான் பெயர். நானா மூதூர்க்காரர். கடல் கடந்து வருகிற காலை லோஞ்சில் வந்து பின்னேர லோஞ்சில் திரும்பிப் போவார். கடைக்குள் புதுக் கசெற்றின் உறையைப் பிரிக்கும்போது ஒரு இனிப்பு மணம் வரும். வாசலுக்கு வந்தால் டீசலும் கருவாடும். இன்றைக்கும் பஸ் நிலையத்தில் டீசல் மணம் வந்தால், எழுத்து கோணாமல் வரவேண்டுமே என்று எனக்கு ஒரு சின்னப் பதற்றம் வரும். ஏனென்றால் அங்கே என் வேலை கசெற் பெட்டிக்குள் மடித்துச் செருகும் மட்டைகளில் பெயர் எழுதுவது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு கையெழுத்துக்குத்தான். அதை வைத்தே ஒரு வேலையும் கிடைத்தது.

சினிமாப் பாட்டில்தான் கடை ஓடியது. கர்நாடக சங்கீதத்துக்குச் சுவரோரத்தில் ஒரு தட்டு இராக்கை. அதில் பாதி, திருவிழாக்களில் ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டு வயர் இழுத்து நானாவே பதிந்து வந்த நாதஸ்வரக் கச்சேரிகள். மட்டையோ மூன்று விரல் அகலம். நாதஸ்வரக்காரரின் ஊர், பெயர், கோயில், இராகம் எல்லாம் எழுதிய பிறகு மிச்ச இடத்தில் ‘குழுவினர்’ என்று போடவேண்டும். இடம் காணாமல் நான் ‘கு.’ என்று சுருக்கிவிட்டேன். பிறகு எல்லாவற்றிலும் அப்படியே எழுதப் பழகிவிட்டேன்.

ஒருநாள் நானா இராக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றவர் திரும்பிக் கேட்டார்:

“தங்கச்சி, யாரு இந்தக் கு.? எல்லா ஊர்லயும் வாசிச்சிரிக்காரே. பெரிய ஆள்தான்.”

அந்த இராக்கைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று முதலில் சொன்னவர் அன்புவழிபுரத்தில் இருந்து வருகிற சங்கீத ரீச்சர். மாணவிகளுக்காக அடிக்கடி கசெற் தேடி வருவார். கேட்டது கிடைக்காமல் முகம் சிவந்து போவார். கடைசியில் அவரே தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டார். “இதில பட்டியல் எழுதுவம். ஆனால் முதலில விதி. விதி இல்லாமல் எழுதினால் இதுவும் இராக்கை மாதிரித்தான் கிடக்கும்,” என்றார்.

விதிகளுக்காக நாங்கள் மூவரும் பல பின்னேரங்கள் இருந்தோம். ‘ஷண்முகப்ரியா’ என்று எழுதவேண்டும் என்பார் ரீச்சர். ‘சண்முகப்பிரியா’ என்றுதான் எனக்குக் கை வரும். நானாவுக்கு இரண்டும் வேண்டாம். “கடைக்கு வாற ஆள் இராகத்தைக் கேக்கிறதில்ல ரீச்சர். தேருக்கு முன்னால வாசிச்சது எண்டுதான் கேக்கிறார்.” சரி, இராகத்தை முதல் வரியில் தமிழ் எழுத்தில் எழுதுவது, நிகழ்ச்சியை இரண்டாவது வரியில் எழுதுவது என்று முடிவானது. ஆட்களை ஊர்ப்பெயரில் அடுக்குவதா, சொந்தப் பெயரில் அடுக்குவதா என்பதற்கு இரண்டு நாள் போனது. ஊர்ப்பெயரில் அடுக்கினால் ஒரே ஊருக்குக் கீழே அரைக் கொப்பி போய்விடும். “பஸ் நேர அட்டவணை மாதிரி இரிக்கும்,” என்றார் நானா. சொந்தப் பெயர் வென்றது. நான் அதிகம் கதைக்கவில்லை. முடிவை எழுதிக்கொண்டேன்.

ஆறு விதி முடிந்திருந்த நேரத்தில்தான் இராசதுரை அண்ணை கடைக்குள் வந்தார். ஜெட்டியில் லோஞ்சுக்கு ரிக்கற் கிழிக்கிறவர். திருவிழாக் காலங்களில் தவில் வாசிப்பார், அதாவது முன்பு வாசித்தவர். லோஞ்ச் கட்டும் கயிற்றுக்குள் வலக்கை அகப்பட்டு இரண்டு விரல் மடங்காமல் போய் ஒரு வருசம் ஆகியிருந்தது. கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே நின்றார்.

“மகன் வெளிநாட்டில இருந்து எழுதியிருக்கிறான் நானா. நான் வாசிச்சது ஒண்டு அனுப்பட்டாம். இனிப் புதுசா வாசிக்க ஏலாது. உங்களிட்டதான் இருக்கும்.”

நானா என்னைப் பார்த்தார். நான் கொப்பியைப் பார்த்தேன். பட்டியலில் இராசதுரை என்று ஒருவர் இல்லை.

“எந்தக் கசெற் எண்டு தெரியுமோ அண்ணை?” என்று கேட்டேன்.

“நான் வாசிச்சதே ஒழிய கேட்டதில்லைப் பிள்ளை.”

“கு. எண்டு இரிக்கிற எல்லாம் இவராத்தான் இரிக்கும்,” என்றார் நானா. சிரிப்பாகச் சொன்னார்தான். எனக்குக் காது சுட்டது.

ரீச்சர் விதியை விடவில்லை. “முதன்மைக் கலைஞர் பெயர் மட்டும் எண்டு ஆறாவதாகப் போட்டிருக்கிறம். தவில்காரர் பெயர் எழுதத் தொடங்கினால் தாளக்காரர் வருவார், சுருதிப்பெட்டிக்காரர் வருவார். எங்க இடம்?”

கதைக்க முடியாத இடத்தில் நான் எழுதுவேன். ஒரு வெற்று மட்டையை எடுத்து மடித்து, உள்பக்கத்தில் ‘இஞ்ச இடம் இருக்கு’ என்று எழுதி ரீச்சர் பக்கம் தள்ளினேன். அத்தனை வருசம் எழுதிய கை, மட்டையின் மறுபக்கத்தை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ரீச்சர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. எல்லாருடைய பெயரும் எழுதுவம். ஆனால் ஒண்டு. காதால கேட்டு நிச்சயம் எண்டால் மட்டும். ஊகத்தில ஒருத்தர் பெயரும் வரக்கூடாது.” ஆறாம் விதியை வெட்டி அதையே எழுதினேன்.

அந்த நிபந்தனை உடனேயே வேலை வைத்தது. நாதஸ்வரத்துக்கு இரண்டு தவில். பதிவோ ஒற்றை மைக்கில் எடுத்தது. எது யாருடைய தவில் என்று எப்படிப் பிரிப்பது? அண்ணை வாசித்திருக்கக்கூடும் என்று பட்ட நாலு கசெற்றுகளை நானா ஒவ்வொன்றாகப் போட்டார். முதல் இரண்டிலும் அண்ணை தலையை ஆட்டி இல்லை என்றார். மூன்றாவது, சாம்பல்தீவுத் திருவிழாவில் எடுத்தது. கடையில் அதிகம் பேர் கேட்டு வாங்கியது. அதில் தவில் மட்டும் வாசிக்கும் ஒரு தனி வரும். தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள். அது தொடங்கியதும் நானாவின் முகம் மலர்ந்தது.

“இதுதானே. எழுதுங்க தங்கச்சி, இராசதுரை.”

நான் பேனையைத் திறந்தேன்.

“அது நான் இல்லை,” என்றார் அண்ணை. “அது வேலாயுதம்.”

வேலாயுதமும் அவரும் ஏதோ பந்தலில் யார் எந்தப் பக்கம் இருப்பது என்று பிடுங்குப்பட்டு, பேச்சை விட்டவர்கள். வேலாயுதம் பிறகு இந்தியாவுக்குப் போய்விட்டார். இது தெருவுக்கே தெரியும்.

“அட, இதையே அனுப்புங்க. நல்ல வாசிப்பு. பனிக்குள்ள இரிக்கிற மகனுக்கு இது யாரெண்டு தெரியவா போகுது?” என்றார் நானா.

“தெரியும் நானா. எனக்குப் பின்னால இருந்து கை தட்டித் தாளம் போட்டு வளந்தவன். கேட்ட உடன இது அப்பா இல்லை எண்டிடுவான். பிறகு நான் என்னத்தை எழுதுறது? பிள்ளை, நீங்கள் வேலாயுதம் எண்டே எழுதுங்கோ. வே, லா, நெடில்.”

எழுதினேன். இனி ஒரு கசெற்தான் பாக்கி. அதிலும் இல்லையென்றால் அனுப்ப ஒன்றும் இல்லை. அண்ணை கதிரையில் உட்காரவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றார். ஒரு பக்கம் முழுக்க ஓடியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபக்கம் பாதியில் திடீரென்று கையைப் பையில் இருந்து எடுத்தார்.

“நிப்பாட்டுங்கோ. கொஞ்சம் பின்னால விடுங்கோ. இந்தா... மூண்டாம் சுற்றில அடி அரை இடம் தள்ளி விழுது. அது நான்தான்.”

ரீச்சர் விரல் மடித்து எண்ணினார். இன்னொரு தரம் போடச் சொல்லி எண்ணினார். “ஓம், விழுது,” என்றார்.

“பிழையை வச்சா ஆளைப் பிடிக்கிற?” என்றார் நானா.

“என்ர பிழை எனக்குத் தெரியாதே?” அண்ணை சிரித்துக்கொண்டிருந்தார். “அண்டைக்கு நல்ல காய்ச்சல். அடுத்த சுற்றில எப்பிடி வந்து பிடிச்சனான் எண்டு கேளுங்கோ.”

கேட்டோம். நன்றாகத்தான் பிடித்திருந்தார். ரீச்சர் தன்னையறியாமல் ஒரு தரம் தொடையில் தட்டிவிட்டார்.

எப்படி நிச்சயம் செய்தோம் என்று கொப்பியில் குறிக்கவேண்டும் என்றார் ரீச்சர். ‘பிழை’ என்று தலைப்பிட்டு ஒரு நிரல் போடட்டா என்று கேட்டேன். அன்று நான் வாய் திறந்து கேட்ட இரண்டாவது கேள்வி அது. அவர் யோசித்தார். “வேண்டாம். ‘அடையாளம்’ எண்டு போடுங்கோ,” என்றார். அதுதான் ஏழாம் விதி. நாங்கள் போட்ட விதிகளில் நல்ல விதி அதுதான் என்று இப்போதும் அடித்துச் சொல்வேன்.

அதற்குப் பிறகு வந்த கலவரமான காலத்தில் கடை மூடிவிட்டது. இராக்கையில் இருந்தவை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் போயின. கொப்பியை ரீச்சர் வைத்திருந்தார். அவரும் இடம்பெயர்ந்தார். கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கதவு போட்டு மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். பாலங்கள் வந்த பிறகு மூதூருக்கு எல்லாரும் பஸ்ஸில் போகிறார்கள். அந்த ஜெட்டியில் ரிக்கற் கிழிக்க ஆள் தேவையில்லை. மகன் என்ன பதில் எழுதினார் என்று நான் அண்ணையிடம் கேட்கவேயில்லை. கூச்சம்தான். இப்போது கேட்க அவரும் இல்லை.

இராசதுரை என்று நான் மட்டை எழுதிக் கொடுத்ததற்கு மறுநாள், காலை எட்டரைக்கு அண்ணை கசெற்றைத் துணியில் சுற்றித் தைத்துத் தபால் கந்தோரில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். அன்றைக்கு முதலாவது லோஞ்ச் அவருக்காக நின்று, இருபது நிமிடம் பிந்தி வெளிக்கிட்டது.