அண்ணனின் காதும் வண்டியின் டைமிங் செயினும்

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. திருப்பலி முடிந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்காவது அவர்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "கூப்பிட்டாகூட உங்க அண்ணன் திரும்பிப் பாக்க மாட்டாரும்மா, தலைக்கனம் ஜாஸ்தி" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. நானும் ஆமாம் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைகளின் கணக்கையெல்லாம் திருத்துகிறவள் நான். என் தப்பை இங்கே திருத்திவிட்டுப் போகிறேன்.

அண்ணன் பிறந்தது கடலூர் முதுநகரில். மூன்று பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. அவர் பத்தாவது படிக்கும்போது அப்பா காலமானார். அண்ணன் புத்தகப்பையை எனக்குக் கொடுத்துவிட்டு, செம்மங்குப்பம் பக்கம் ஒரு மெக்கானிக் கடையில் சேர்ந்தார். ஆலைத் தொழிலாளர்களின் வண்டிகள் ஷிப்டு மாறும் நேரத்தில் வரிசைகட்டி நிற்குமாம். திருமணத்துக்குப் பிறகு அண்ணியின் ஊரான சிதம்பரத்துக்கே போய், அண்ணாமலை நகரில் தகரக் கூரை போட்டுச் சொந்தக் கடை வைத்தார். என்னையும் சின்ன அண்ணனையும் படிக்கவைத்தது அந்தக் கடைதான்.

நினைவு மலரில் எல்லாரையும் சாந்த சொரூபி என்று எழுதுவார்கள். அண்ணன் அப்படியல்ல. முணுக்கென்றால் கோபம் வரும். காபியில் சர்க்கரை குறைந்தால் டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஆனால் நன்றாக இருக்கும் பாகத்தைக் கெட்டுவிட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்துக் காகிதத்தில் மடித்து வண்டிக்காரர் கையில் கொடுப்பார். தேய்ந்த இடத்தை அவரே விரலால் தடவிப் பார்க்கவேண்டும், அதுவரை விடமாட்டார்.

அவருக்குப் பெயர் வாங்கித்தந்தது டைமிங் செயின். என்ஜினுக்குள் கீழே சுழல்வதையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடுவதையும் இணைக்கும் சிறு சங்கிலி அது. ஓட ஓடத் தளரும். தளர்ச்சியை இழுத்துப் பிடிக்க டென்ஷனர் என்று விரல் நீளத்தில் ஒன்று உண்டு. அது தேய்ந்துபோனால் காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது சலசலவென்று ஒரு சத்தம் வரும். என்ஜின் சூடானதும் அடங்கிவிடும் என்பதால் யாரும் சட்டை செய்யமாட்டார்கள். அண்ணன் வண்டியை ஒரு ராத்திரி கடையில் விட்டுப்போகச் சொல்லி, விடிந்ததும் தானே ஸ்டார்ட் செய்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வால்வு இடைவெளி கூடிய டேப்பெட் சத்தமா, டைமிங் செயின் சத்தமா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள்கூட அந்தத் தீர்ப்புக்குக் கைகட்டி நிற்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் பெருமையுமாக இருக்கும்.

என் மகளுக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. தாய்மாமன் எழுந்து தட்டு வாங்கவேண்டும். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் போய், "அண்ணா, வந்து தட்ட வாங்குண்ணா" என்றேன். அவர் திரும்பவில்லை. நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. சின்ன அண்ணனை ஜாடையால் அழைத்தேன், அவர் எழுந்து போய் வாங்கினார்.

மாப்பிள்ளை பார்க்கும்போது தம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற கோபத்தை அண்ணன் சபையில் காட்டிவிட்டார் என்று நானே முடிவுகட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று வீட்டில் கத்தினேன். அவர் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையை அவர் கடையில் இருக்கும் நேரம் பார்த்து வீட்டில் அண்ணியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். கல்யாணத்தன்று அவர் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை ஆசீர்வதித்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார்.

எட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் அண்ணி போன் செய்து, அண்ணன் மூன்று நாளாகக் கடை திறக்கவில்லை என்றார். மாணவர் விடுதியில் சமையல் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று அண்ணனிடம் விட்டிருக்கிறார். அண்ணன் கேட்டுப் பார்த்து, டேப்பெட்தான் என்று சரிசெய்து கொடுத்திருக்கிறார். மறுநாள் அந்தப் பெரியவர் தம் மகளை நேர்முகத் தேர்வுக்காகக் கடலூருக்கு அழைத்துப் போகும்போது, ஆலப்பாக்கம் அருகே டைமிங் செயின் பல் தாண்டி, வால்வு வளைந்து என்ஜின் நின்றுவிட்டது. பின்னால் வந்த பேருந்து ஒரு முழத் தூரத்தில் பிரேக் போட்டு நின்றதாம். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு போனது போனதுதான்.

"நீ வந்து ஒரு வார்த்த பேசும்மா. நான் சொன்னா அவுரு காதுல வாங்க மாட்றாரு" என்றார் அண்ணி. அதற்குமேல் வீம்பு பிடிக்க என்னால் முடியவில்லை.

நான் போனபோது அண்ணன் சாத்திய கடைக்குள் வளைந்த வால்வைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே போய் நின்றதும்தான் நிமிர்ந்தார்.

"அந்தச் சத்தம் எனக்குக் கேக்கல பாப்பா. ரெண்டு மூணு வருஷமாவே சரியா கேக்கறதில்ல. மெக்கானிக்குக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா எவன் வண்டி குடுப்பான், அதான் யாருகிட்டயும் சொல்லல" என்றார்.

"அப்ப நிச்சயதார்த்தத்து அன்னைக்கு?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு என்னைக் கூப்ட்டியா?" என்றார். "தம்பி எழுந்து போனான். நீ என்னை வேணாம்னுட்ட போலன்னு நெனச்சேன்."

நான் கதறி அழுதேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படி அழுது அவர் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கிரீஸ் படிந்த துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். நானும் அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பெரியவரின் என்ஜினை அண்ணன் முழுவதும் தம் செலவில் புதிதாக்கிக் கொடுத்தார். பிறகு கடை வாசலில் ஒரு பலகை மாட்டினார். "எனக்குக் காது மந்தம். சத்தத்தை நீங்கள் சொல்லுங்கள், பழுதை நான் பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தது. அவர் பயந்ததுபோல் எவரும் வண்டியை வேறு கடைக்குக் கொண்டுபோகவில்லை.

அதற்குப்பின் காதை வைத்து அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. சந்தேகம் என்று வந்தால் டென்ஷனரைக் கழற்றி, அதன் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். உள்ளே போகாமல் நின்றால் நல்லது, போனால் மாற்றவேண்டும். செயின் உரசும் ரப்பர் பட்டையில் நகத்தை ஓட்டுவார். பள்ளத்தில் நகம் இறங்கினால் அதையும் மாற்றுவார். புதிய டென்ஷனரின் முனையைச் சிறு ஸ்குரூடிரைவரால் உள்ளே திருகி, இடத்தில் பொருத்தி, விடுவிப்பார். 'டிக்' என்று அது செயினைப் பிடிக்கும் சத்தம் அவருக்குக் கேட்காது. விரலில் அந்த அதிர்வு தெரிந்த பிறகே, என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பற்சக்கரங்களில் உள்ள குறிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலைத் திருப்பலி முடிந்ததும் நான் சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறிவிடுவேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். சலசல என்பேன், அல்லது டிக்டிக் என்பேன். கணக்கு டீச்சருக்கு இது என்ன வேலை என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். உங்க மச்சானுக்கு நான்தான் ஸ்பீக்கர் என்பேன். நான் எது சொன்னாலும் அண்ணன் டென்ஷனரைக் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். இரண்டு முறை நான் சொன்னது தப்பாகவும் இருந்தது.

சென்ற ஆண்டு நுரையீரல் நோய் வந்து அண்ணன் படுத்தார். கடைசி வாரத்தில் சுத்தமாகக் காது கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். உயில், சொத்து என்று எதுவும் பேசவில்லை. என்னிடம் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். "கடையில செவப்பு வண்டி ஒண்ணு நிக்குது. டென்ஷனர் கழட்டி வச்சிருக்கேன். யாரும் கிக்கர ஒதைக்க வேணாம்னு சொல்லிடு."

அந்தச் சிவப்பு வண்டியைச் சரிசெய்து உரியவரிடம் ஒப்படைத்த பக்கத்துக் கடை மெக்கானிக்குக்கு எங்கள் நன்றி. இரவும் பகலும் கண்விழித்த அண்ணிக்கும், மருத்துவமனைச் செவிலியருக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த தேவனாம்பட்டினம் நண்பர்களுக்கும், ஜெபித்த பங்கு மக்களுக்கும் நன்றி. தம் மகளுக்கு வேறு வேலை கிடைத்ததும் அவளுடைய ஸ்கூட்டியை முதல் சர்வீசுக்கு அண்ணனிடமே கொண்டுவந்து நிறுத்திய அந்தச் சமையல்காரப் பெரியவருக்குத் தனியாக நன்றி. அன்று முழுவதும் அண்ணன் ஒரு கோபமும் இல்லாமல் இருந்தார் என்று அண்ணி சொன்னார்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது கூப்பிட்டும் திரும்பாவிட்டால், கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அவர் எதிரே போய் நின்று இன்னொரு தடவை கூப்பிடுங்கள். அந்த மண்டபத்தில் நான் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன்.