அழகிரி சாட்சி சொன்ன வழக்கு

மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸில் முகமது யூசுப்பின் சாப்பாட்டுக் கடையில் அழகிரி ரொட்டி போடுபவன். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து எட்டு வருடமாகிறது. சண்டை என்றாலே ஒதுங்கிப் போகிற ஆள். கடைக்கு மேலே ஒரே அறையில் அவனோடு தங்கியிருந்தவன் சபாபதி. அதே கடையில் தேநீர் கலக்குபவன், அதே ஊர்ப் பக்கம்.

மதியக் கூட்டம் கலைந்ததும் சபாபதி ஊரிலிருக்கும் மனைவி சந்திரகலாவை வீடியோவில் கூப்பிடுவான். எடுக்கத் தாமதமானால் சுவரில் ஓங்கிக் குத்துவான்.

"பாத்தியா? இது உன் மூஞ்சி."

போன லீவில் அவள் கையை முறித்துவிட்டு வந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னவன் அவன்.

"விட்டுருடா, பாவம்" என்றான் அழகிரி ஒருமுறை.

"என் பொண்டாட்டி. நீ பொத்திக்கிட்டுப் படு."

அழகிரி படுத்துக்கொண்டான். அடுத்த ஒரு வருடமும் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்தான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் சந்திரகலா, இனித் தாங்காது, செத்துப்போகிறேன் என்று அழுதாள். ஏற்கெனவே ஒருமுறை அவள் சாக முயன்று பிழைத்தது சபாபதிக்குத் தெரியும். அழகிரி பக்கத்தில் படுத்திருக்க, கோழிக் காலைக் கடித்தபடியே பதில் சொன்னான்.

"போன தடவையும் ஒழுங்கா சாகல. இன்னிக்கு முடிச்சிடு. சாயங்காலம் உங்கப்பன் எனக்குப் போன் போட்டு அழணும்."

சாயங்காலம் அவள் அப்பா போன் போட்டார்.

மூன்றாம் நாள், தற்கொலைக்குத் தூண்டியதாகச் சபாபதி மேல் ஊர்ப் போலீஸ் வழக்குப் பதிந்தது.

"போலீஸ் கேட்டா, அன்னிக்கு நான் அன்பாத்தான் பேசினேன்னு சொல்லு" என்றான் சபாபதி அழகிரியிடம்.

"காதுல கேட்டதைத்தான் சொல்லுவேன்."

கடை ஷட்டரை இழுக்கும் இரும்புக் கொக்கி சபாபதியின் கைக்கு எட்டியது. முதல் அடி தோளில் விழுந்தது. தடுத்த வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. கீழே விழுந்தவனின் வாயில் மிதித்தான். உதடு கிழிந்து தரையெல்லாம் ரத்தம்.

"டேய், செத்துடுவான் லா! விடு!" என்று யூசுப் பாய்ந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்.

காரில் யூசுப் தயங்கினார். "போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட் போட்டா உன் பெர்மிட்டையும் நோண்டுவான் லா. யோசிச்சுக்க."

வாயில் துண்டை அழுத்தியபடி, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் போலீஸ் நிலையத்துக்கே விடச் சொன்னான் அழகிரி.

அடித்ததற்குச் சபாபதி இங்கே சிறையில் இருந்தான். பிறகு திருப்பி அனுப்பப்பட்டு, திருச்சி விமான நிலையத்திலேயே கைதானான். இரண்டு வருடம் கழித்து விசாரணை வந்தபோது அழகிரி சொந்தச் செலவில் ஊருக்குப் போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறினான்.

"கோபத்துல 'செத்துப் போ'ன்னு சொல்லாத புருஷன் உண்டா?" என்றார் சபாபதியின் வக்கீல். "வெறும் வார்த்தை தூண்டுதல் ஆயிடுமா?"

"கோபமா சொல்லலைங்க. சாப்பிட்டுக்கிட்டே, நேரம் குறிச்சுச் சொன்னாரு."

"கேட்டுட்டு நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலைங்க, ஐயா."

ஆத்திரத்தில் உதிர்ந்த சொல் குற்றமாகாது என்றார் நீதிபதி. ஆனால் முன்பு சாக முயன்றவள் என்று தெரிந்தே வதைத்து, அன்றைக்கே சாகச் சொன்னது தூண்டுதல்தான். ஏழு வருடம் தண்டனை.

வெளியே வந்ததும் சந்திரகலாவின் அப்பா அழகிரியை ஓங்கி அறைந்தார்.

"கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே! எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

மறுபடியும் அறைந்தார். அழகிரி கையைத் தூக்கவில்லை.

"போட்டிருக்கணுங்க" என்றான்.

இப்போது கடைக்கு மேலே அந்த அறையில் அவனோடு வேறு நால்வர் இருக்கிறார்கள். யாராவது போனில் வீட்டுப் பெண்ணை மிரட்டினால் அழகிரி எழுந்து போய்க் குறுக்கே நிற்கிறான். அதற்காக இதுவரை இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறான்.