இடது பக்கத் தையல்

சித்தியின் காரியம் முடிந்த மறுநாள், சித்தப்பா அவளுடைய அரக்குப் பட்டுப் புடவையையும் ரவிக்கையையும் எடுத்து வந்தார். "உன் மேல உசுரா இருந்தாளே, நீயே வச்சுக்க" என்றவர், ரவிக்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இடது பக்கம் மட்டும் தையல் பிரிச்சிருக்கே, யாரும்மா பிரிச்சது?"

பிரித்தது நான்தான். தஞ்சாவூரில் ஓர் ஆய்வகத்தில், மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் உள்ள ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்தை ஆராய்கிறேன். அது போதிய அளவில் இருக்கும்வரை செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடக்கும். குறைந்தால் பிடி தளர்ந்து, நாங்கள் கூழ் பூசி வைத்திருக்கும் சவ்வைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். அப்படி வந்தவற்றுக்கு ஊதாச் சாயமேற்றி எண்ணுவதுதான் என் வேலை.

மாசியில் ஒரு நாள் சித்தி என் அறைக்கு வந்தாள். கதவைத் தாழிட்டு, என் விரல்களைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தாள். புளியங்கொட்டை அளவில், கல் மாதிரி இருந்தது. இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். என் புரதத்தைப் பற்றியெல்லாம் சொன்னேன். முப்பது வருடம் குத்தகை வயலுக்குத் தண்ணீர் கட்டியவள், சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"வரப்பு உடைஞ்சா அடுத்த வயலுக்குப் பாஞ்சிடும்கறே, அவ்வளவுதானே? புரியுதுடி. வைகாசியில சித்தப்பாவுக்குத் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம். புள்ள சிங்கப்பூர்லேர்ந்து மூணு வருஷம் கழிச்சு வர்றான். அது முடியட்டும். அதுவரைக்கும் வாயத் திறக்கமாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

சத்தியமாம், சத்தியம்! படித்த கழுதை, பண்ணிக் கொடுத்தேன்.

அந்த மூன்று மாதமும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கவே பயந்தேன். சித்தப்பாவுக்குப் போன் போடுவேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவேன். திருக்கடையூரில் மண்டபத்து அறையில் ரவிக்கை அவளுக்கு அக்குளில் ஏறவில்லை, அங்கேயும் வீங்கியிருந்தது. பிளேடால் தையலைப் பிரித்துவிட்டேன். சித்தப்பா மறுபடி தாலி கட்டும்போது அவள் கூட்டத்தில் என்னைத் தேடிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாழாய்ப்போன அந்தச் சிரிப்பு போட்டோவில் இருக்கிறது.

அடுத்த வாரம் ஸ்கேனில் ஈரல்வரை பரவியிருந்தது தெரிந்தது. "வீட்ல படிச்சவங்க யாருமே இல்லையாம்மா?" என்று டாக்டர் கத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சித்தி என் பக்கம் திரும்பாமலே, "யாருக்கும் தெரியாதுங்க, நான்தான் மறைச்சிட்டேன்" என்றாள்.

என்னைக் காப்பாற்றுகிறாளாம். அன்று அந்தப் பொய்க்குள் அடைபட்டவள்தான் நான், இன்னும் வெளியே வரமுடியவில்லை. உண்மையைச் சொன்னால், சித்தப்பா அந்தக் கல்யாணத்தை நினைத்து இனி ஒரு நாளும் சந்தோஷப்படமாட்டார்.

அவர் ரவிக்கையை விரித்துப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தியே பிரிச்சிருப்பாங்க, சித்தப்பா."

"அவளுக்கு ஒரு கொக்கிகூட வைக்கத் தெரியாதேம்மா" என்றபடி அதை மெதுவாக மடித்து என் கையில் வைத்தார்.